கேமிங் கம்ப்யூட்டர் வேண்டுமாம்: டீச்சர் பாட்டியின் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் பத்து நாளாக ஒரே பேச்சு. என் தங்கையின் பேரன் பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேஷன் படிக்கப் போகிறான். அவனுக்குக் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டுமாம். அவன் அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வெயிலில் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்கிச் சேர்த்ததில் ஒன்றரை லட்சத்தை இதற்கென்று எடுத்து வைத்திருக்கிறார். "பெரியம்மா, எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க பார்த்து சரின்னு சொன்னா பணத்தை அனுப்பிடறேன்" என்று பொறுப்பை என் தலையில் போட்டுவிட்டார். குழுவில் பாதிப் பேர், "படிக்கிற பையனுக்கு விளையாட்டு மெஷின் எதுக்கு? ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்க" என்கிறார்கள். மீதிப் பேர், "ஒரே பையன், கேட்டதை வாங்கிக் கொடுத்துடுங்க" என்கிறார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. வாங்கலாம். ஆனால் கடைக்காரர் கட்டிக் கொடுக்கும் பொட்டலமாக வாங்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்துக்கும் பையன் வாயால் காரணம் சொல்லி, தனித்தனியாக வாங்க வேண்டும். இதுதான் என் கட்சி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுகிறேன். வில்லியனூர் மாமா, "கேமிங்கைத்தான் கவர்மென்ட் தடை பண்ணிட்டாங்களே" என்று எழுதியிருந்தார். மாமா, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிரானது. ரம்மி ஆடி வீட்டை விற்ற கதைகள் நமக்குத் தெரிந்தவைதானே. பையன் கேட்பது அது இல்லை. காசு வைக்காமல் ஆடும் வீடியோ கேமுக்கு அந்தச் சட்டத்தில் தடை கிடையாது.

கேம் என்றாலே சுட்டுத் தள்ளுவது என்று நினைப்பவர்கள் "வெண்பா" என்ற ஆட்டத்தைப் பாருங்கள். 2023-ல் கனடாவின் டொரண்டோவில் இருக்கும் ஒரு சின்னக் குழு செய்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்துபோன சமையல் நோட்டைப் பார்த்து இட்லியும் பிரியாணியும் செய்ய வேண்டும், அதுதான் ஆட்டம். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. அதை ஆட ஒன்றரை லட்சம் மெஷின் வேண்டாம், சாதாரண லேப்டாப் போதும். இதைச் சொன்னவுடன், "அப்ப எனக்கு எதுக்கு பாட்டி பெரிய கார்டு?" என்று பையனே சிரித்தான். நல்ல கேள்வி. அதற்குப் பதிலும் அவனே சொன்னான். பிளெண்டரில் ஒரு முப்பரிமாணக் காட்சியைப் படமாக மாற்றும்போது கணக்கு போடுவது கிராபிக்ஸ் கார்டுதான். விளையாட்டில் வெளிச்சத்தையும் நிழலையும் வரைவதும் அதே கார்டுதான். அவன் படிக்கப் போகும் படிப்புக்கு விளையாட்டு மெஷினும் வேலை மெஷினும் ஒன்றே. லேப்டாப்பிலும் கிராபிக்ஸ் உண்டு என்றாலும், அதே பெயர் போட்ட சிப்பு லேப்டாப்பில் குறைந்த மின்சாரத்தில், குறைந்த வேகத்தில் ஓடும். நாலு வருடம் கழித்து அதை மட்டும் கழற்றி மாற்றவும் முடியாது.

நகரத்தில் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி வந்திருந்தான். கடைப் பெயர் வேண்டாம். அந்தத் தாளைப் பார்த்தபோது, பழைய பழக்கம், கை சிவப்புப் பேனாவைத் தேடியது.

பிராசசர் ரைசன் 7 9800எக்ஸ்3டி. 2024 நவம்பரில் வந்தது, விளையாட்டுக்கென்றால் இன்றும் முதல் வரிசையில் நிற்கும் சிப்பு. அதற்கு ஜோடியாக 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டு. ரேம் 16 ஜிபி. கண்ணாடிக் கேபினெட், வண்ண விளக்கு போட்ட விசிறிகள் ஏழு. கடைசி வரியில் "எஸ்எம்பிஎஸ் 750 வாட்". என்ன கம்பெனி, என்ன மாடல், எத்தனை வருட வாரண்டி, ஒன்றும் இல்லை. பட்டுச் சட்டைக்குக் கீழே கிழிந்த வேட்டி மாதிரி இருந்தது.

எங்கே இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டேன். "பிராசசர்" என்றான். இல்லை, மானிட்டரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்த வகுப்புக்குப் பாடம் என்று தெரியாமல் யாராவது பாடக்குறிப்பு எழுதுவார்களா? ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான், போட்டுப் பாருங்கள். 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். சாதாரண ஃபுல் எச்டி திரை இது. 2560-ஐ 1440-ஆல் பெருக்கினால் 36.9 லட்சம். 4கே என்பது 3840 பெருக்கல் 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். அதாவது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளையும் ஒரு நொடிக்கு அறுபது முறையோ நூற்று நாற்பத்து நான்கு முறையோ கார்டு புதிதாக வரைய வேண்டும். அறுபது என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. நூற்று நாற்பத்து நான்கு என்றால் 6.9 மில்லி நொடி. திரையை முடிவு செய்யாமல் கார்டை முடிவு செய்வது, விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் அரிசி களைந்து போடுவது.

அவனுக்கு 27 அங்குலம், 1440 திரை போதும் என்று முடிவானது. 4கே வேண்டுமென்றால் அப்பா இன்னும் ஒரு வருடம் மாடி ஏற வேண்டும். அதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான்.

திரை தெரிந்துவிட்டால் பணம் போக வேண்டிய இடம் கிராபிக்ஸ் கார்டு. இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது, கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி ஒன்றும் 16 ஜிபி ஒன்றும் 2025-ல் வந்தன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படியே இரண்டு அளவில் வருகிறது. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் ஒன்றுதான். புதிய ஆட்டங்கள் சிலவற்றை உயர்ந்த தரத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் கார்டு வெளியே இருக்கும் ரேமில் இருந்து இழுத்து இழுத்து வேலை செய்யும், படம் திக்கும். பிளெண்டரில் பெரிய காட்சி என்றால் இன்னும் மோசம். ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. சட்டப்படி தவறில்லை, எண் பெட்டியிலேயே இருக்கிறது. ஆனால் மஸ்கட்டில் இருந்து பணம் அனுப்பும் அப்பாவுக்கு அந்த எண்ணின் அர்த்தம் எப்படித் தெரியும்? பிளெண்டரில் என்விடியா கார்டுகள் வேகம் என்பதால் நாங்கள் 5060 டிஐ 16 ஜிபி என்று எழுதினோம். விளையாட்டு மட்டும் போதும் என்கிறவர்கள் 9060 எக்ஸ்டி 16 ஜிபியையும் தாராளமாகப் பார்க்கலாம்.

அந்தக் கார்டுக்கு 9800எக்ஸ்3டி தேவையில்லை. அது கெட்டது என்பதால் இல்லை. அதன் சிறப்பே, சிப்பின் அடியில் அடுக்கிய கூடுதல் நினைவகம். மொத்தம் 96 எம்பி. வழக்கமான எட்டுக் கோர் ரைசனில் 32 எம்பிதான். அடிக்கடி தேவைப்படும் புத்தகங்களை நூலகத்துக்கு ஓடாமல் மேசையிலேயே வைத்துக்கொள்வது போல. நொடிக்கு இருநூறு, முந்நூறு படம் வேண்டும் என்று போட்டிகளில் ஆடுபவர்களுக்கு அது வரம். இவன் வாங்கும் திரையிலும் கார்டிலும் அந்தச் சிப்பு பெரும்பாலான நேரம் கார்டுக்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஆறு கோர் ரைசன் 5 7600 போதும். அதன் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளைக்குச் சம்பாதிக்கும்போது பெரிய சிப்பு வாங்கி அதே மதர்போர்டில் மாட்டிக்கொள்ளட்டும். யாரோ ஒரு நண்பன் பழைய இன்டெல் ஐ9 ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றானாம். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் மின்னழுத்தக் கோளாறு இருப்பதை 2024-ல் இன்டெல் கம்பெனியே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. யார் கையில் எப்படி ஓடியது என்று தெரியாத சிப்பு நமக்கு வேண்டாம் என்றேன்.

எல்லாரும் அலட்சியமாக விடுவது எஸ்எம்பிஎஸ். எனக்கு அதில்தான் பிடிவாதம். மற்ற பாகங்கள் எல்லாம் அதில் இருந்துதான் மின்சாரம் குடிக்கின்றன. மட்டமான ஒன்று புகைந்தால் தனியாகப் போகாது, கூட இருக்கும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். 5060 டிஐ கார்டுக்கு 180 வாட், பிராசசரின் கணக்கு 65 வாட். உச்சத்தில் கொஞ்சம் கூடும் என்று வைத்துக்கொண்டாலும் நல்ல கம்பெனியின் 650 வாட் தாராளம். பெயர் தெரியாத 750-ஐ விட பெயர் தெரிந்த 650 மேல். 80 பிளஸ் கோல்டு என்பது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான முத்திரை மட்டுமே, முழுத் தரத்துக்கான சான்று அல்ல. வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். நல்லவற்றுக்கு 5 முதல் 10 வருடம் தருகிறார்கள். தன் சரக்கின் மேல் கம்பெனிக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரிந்துவிடும்.

கூடவே யுபிஎஸ். கடையில் "600" என்று போட்ட பெட்டியைக் காட்டுவார்கள். அது வி.ஏ., வாட் இல்லை. பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். நம் வீடுகளில் இருக்கும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்களில் புதிய எஸ்எம்பிஎஸ்கள் சில ஒத்துழைக்காமல் அணைந்துவிடும். சைன் வேவ் கேளுங்கள். மூன்று முனை பிளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் முனை மட்டும் இருக்கும், ஒயர் இருக்காது.

கேபினெட் பற்றிச் சண்டையே வந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வானவில். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோரிமேட்டில் நமக்குச் செம்மண் புழுதி, ஊருக்கே கடல் காற்று, மே மாதம் கத்திரி. காற்று உள்ளே போக வழியில்லாத பெட்டியில் விசிறிகள் ஏழு இருந்து என்ன பயன்? முன்பக்கம் வலை வைத்தது, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி உள்ளது, மூன்று விசிறி, போதும். விளக்கு கட்டாயம் வேண்டுமென்றால் தீபாவளிக்குச் சீரியல் செட் வாங்கித் தருகிறேன் என்றேன். முறைத்தான்.

எங்கே வாங்குவது? "பாண்டியில் வாங்கினால் வரி கம்மி" என்று கடலூர் சித்தி இன்னும் நம்புகிறார். ஜிப்மரைத் தாண்டி எல்லையைக் கடந்தால் பெட்ரோல் விலை மாறும், சரக்கு விலையும் மாறும். ஆனால் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கம்ப்யூட்டர் பாகத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான், இப்போது 18 சதவீதம். சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வரச் சொன்னேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் நாலு கடை ஏறி இறங்கினால் விலையும் தெரியும், பேசவும் வரும். "பில் இல்லாமல் ரெண்டாயிரம் குறைச்சுத் தரேன்" என்றால் மட்டும் வாசலிலேயே திரும்பிவிட வேண்டும். பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை. பழைய கிராபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைத்தால் எச்சரிக்கை. கிரிப்டோ காசு தோண்டுவதற்காக ராப்பகலாக மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்டதும் சந்தையில் தள்ளிய கார்டுகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன.

மாட்டுவதையும் அவனே செய்யட்டும் என்பது என் கருத்து. அவன் அம்மாவுக்குப் பயம். ரேமில் ஒரு வெட்டு இருக்கிறது, தப்பாகப் போட்டால் உட்காராது. கேபிள்களின் முனைகளும் அப்படித்தான். அழுத்தித் திணிக்காமல் கையேட்டைப் படித்துச் செய்தால் ஒரு பகலில் முடிகிற வேலை. ஏசி மெக்கானிக் மகனுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வராதா?

இன்னும் தீராத ஒரு விஷயம் ரேம். இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறி, சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. உலகத்தில் பெரிய அளவில் ரேம் சிப்பு செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்று கம்பெனிகள்தான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நல்ல விலை கொடுப்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மைக்ரான், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் யாரோ எதையோ கட்டுகிறார்கள், கோரிமேட்டில் ஒரு பையனின் பட்ஜெட் உடைகிறது.

அவன் சொல்வது: இப்போதைக்கு ஒரே ஒரு 16 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக், விலை இறங்கியதும் அதே மாடலில் இன்னொன்று. நான் சொல்வது: இரண்டு 16-ஆக இப்போதே வாங்கு. ஒற்றை ஸ்டிக்கில் ரேமுக்குப் போகும் பாதை பாதியாகிவிடும், அனிமேஷனுக்கு 32 கட்டாயம் வேண்டும், விலை எப்போது இறங்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிராசசரிலும் கண்ணாடியிலும் மிச்சம் பிடித்ததை இதில் போடலாம். "அப்பா காசு பாட்டி, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே" என்கிறான். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் பிள்ளைகள், குறிப்பாக ஹார்டுவேர் வியாபாரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர், இதைப் பார்த்தால் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். டிடிஆர்5 6000 வேகத்தில் 32 ஜிபி ஜோடி, பில்லோடு, நியாயமான விலைக்கு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பணம் வருகிறது.