யார் வைக்கும் போட்டி?

தோழர்களே,

பள்ளிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் போட்டியைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். பேசித்தான் ஆகணும். 'தகுதி, திறமை' என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கூச்சல் போடுகிறவர்களின் அளவுகோல் இம்மாதிரிப் போட்டிகளில்தான் தயாராகிறது.

1989இல் பல்கேரியாவில் தொடங்கிய சர்வதேசக் கணினி ஒலிம்பியாடுக்கு 2002 முதல் இந்தியப் பிள்ளைகள் போகிறார்கள். அதற்கான முதல்கட்டத் தேர்வு பல ஆண்டுகள் வெறும் தாளில் நடந்தது. கம்ப்யூட்டரைத் தொடாத பிள்ளையும் எழுதலாம். ஆனா கேள்வித்தாள் இங்கிலீஷ். நான் போன ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் அப்படியொரு தேர்வு இருப்பதே யாருக்கும் தெரியல.

ஊர்த்தெரு வழியாகப் போக முடியாமல் சுத்திப் போகிற பிள்ளைக்கு, தடையுள்ள பாதைகளில் குறுகிய வழி எது என்கிற கணக்கு புதுசா? அதை நிரலாக எழுதும் வித்தைதான் அவளுக்கு எட்டாமல் வைக்கப்பட்டிருக்கிறது.

எனவே எங்கள் வட்டாரத்தில் நாங்களே போட்டி நடத்துகிறோம். கேள்விகள் தமிழில். கட்டணம் கிடையாது. முதல் சுற்று தாளில். பயிற்சி கொடுத்த பிறகே கம்ப்யூட்டர். 2008இல் வந்த பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

கல்லூரித் தோழர்களே, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுங்கள். பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் தூக்கிக்கிட்டு வாங்க.