சட்டத்துக்குள் அடங்கிய சிரிப்பு

எங்கள் பெங்களூர் ஆபீஸில் காபி மெஷினுக்கு மேலே ஒரு கார்ட்டூன் பிரிண்ட் மாட்டியிருக்கிறார்கள். ஒரு ஆள் லேப்டாப்புக்குள் முழுசாக மூழ்கிவிட்டான். வெளியே தெரிகிற ஒற்றைக் கை மட்டும் மீட்டிங்குக்கு ‘ஓகே’ அழுத்துகிறது. கீழே ஓவியரின் கையெழுத்து, பக்கத்தில் பென்சிலால் 12/50. பார்த்ததும் சிரித்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. அப்புறம்தான் உறைத்தது: இதைக் காசு கொடுத்து வாங்கியதே அந்த மீட்டிங்கை வைக்கிற நிர்வாகம்தான்.

நவீன வாழ்க்கையை நக்கலடிக்கும் கலை என்று இப்போது விற்கிற பிரிண்ட்டுகளில் நான் பார்த்தவை முக்கால்வாசி இந்த ரகம். டிராஃபிக், ஃபில்டர் காபி, செல்போன் மோகம், திங்கட்கிழமை. யாருக்கும் வலிக்காது. “அழகா இருக்கே, இதுல என்ன தப்பு?” என்பீர்கள். தப்பு அந்த 12/50-இல் இருக்கிறது.

அச்சு என்பதே பெருக்குவதற்காக வந்த வித்தை. 19-ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் காளிகாட் கோயில் பக்கம் விற்ற படங்களும், பட்டலா மரக்கட்டை அச்சுகளும் சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலையில்தான் இருந்தன. மைனர் பாபுக்களும் போலிச் சாமியார்களும் அவற்றில் நாறினார்கள். 1917-இல் ககனேந்திரநாத் தாகூர் கல்லச்சில் கேலிச்சித்திரத் தொகுப்புகள் போட்டபோது, வெள்ளைக்காரனைக் காப்பியடிக்கும் வங்காளிக் கனவான்களைக் கிழித்தார். அவரே அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைதான்.

செப்புத் தகட்டில் எடுத்தால் கோடு தேயும், அதனால் எண்ணிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் இது இங்க்ஜெட், சாமி! ஃபைல் எங்கே தேயும்? கோட் எழுதிப் பிழைக்கிறவனிடமா இந்தக் கதை?

வெள்ளிக்கிழமை ராத்திரி தர்மபுரிக்கு பஸ் ஏறினால், கட்டட வேலை முடித்து ஊர் திரும்புகிறவர்கள் ஓசூர் தாண்டியும் நின்றுகொண்டே வருவார்கள். 2017 நவம்பரில் அப்படி ஒரு பஸ்ஸில், பக்கத்தில் நின்ற அண்ணன் போனை என் பக்கம் திருப்பி, “இத பாத்தியா தம்பி?” என்றார். கார்ட்டூனிஸ்ட் பாலாவின் படம். அக்டோபர் 23 அன்று நெல்லை கலெக்டர் ஆபீஸில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தது. பாலா வரைந்ததில் குழந்தை எரிந்து கிடக்கிறது. முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் அம்மணமாக நின்று நோட்டுக்கட்டால் மானத்தை மறைக்கிறார்கள். நவம்பர் 5-இல் அவரைக் கைது செய்தார்கள், மறுநாள் ஜாமீன். அந்த அண்ணனுக்கு வரைந்தவர் பெயர் தெரியாது, வட்டி தெரியும். அவர் கையில் இருந்த பிரதிக்கு நம்பரும் கிடையாது.

எல்லாரும் ஜெயிலுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. ஓவியருக்கும் வாடகை உண்டு, இஎம்ஐ உண்டு. கையெழுத்துப் போட்ட ஐம்பதை ஆபீஸ்களுக்கு விற்கட்டும். அதே படத்தை மலிவுத் தாளில் ஆயிரம் அடித்து, பத்து ரூபாய்க்கு தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தொங்கவிட யார் தடை? சிவகாசி காலண்டர் எங்கள் வீட்டுச் சுவர்வரை வந்து சேரவில்லையா?

டீ குடிக்கிறவர் அண்ணாந்து பார்த்து, “இதுல என்னப்பா தமாஷு?” என்று கேட்டால், ஓவியர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.