குப்பைன்னு யார் சொன்னது?

"பழைய பலகையை அடுக்கி வெச்சா அது கலையா?" இணையத்தில் ஆசிம் வாகிஃபின் படைப்பைப் பார்த்துவிட்டு வகுப்புத் தோழன் சிரித்தான்.

வாகிஃப் டில்லியில் கட்டடக்கலை படித்தவர். 2012இல் பாரிஸின் பலே தெ டோக்கியோ கலைக்கூடத்தில், பழைய கண்காட்சிகளில் கழித்துப்போட்டதை வைத்தே உள்ளே நுழைந்து பார்க்கிற மாதிரி ஒன்றை எழுப்பினார். 2017இல் வான்கூவரில் இடித்த கட்டடங்களின் மரத்தை வைத்து 'சால்வேஜ்'. சிற்பமா, வீடா? இரண்டும்தான்.

ராயபுரத்தில் எங்க தாத்தா வீட்டை இடித்தபோது பர்மா தேக்கு உத்திரமெல்லாம் வந்த விலைக்குப் போச்சு. பி.காம் பாஷையில் 'ஸ்கிராப் வேல்யூ'. அதை இழைத்த ஆசாரியின் உழைப்பை எந்தப் பேரேட்டில் எழுதினோம்?

வாகிஃப் அந்தக் கணக்கைத் திறந்து காட்டுகிறார். கலையா இல்லையான்னு அப்புறம் சண்டை போடலாம் மச்சி. அடுத்த வீட்டை இடிக்கும் முன் ஒருமுறை நிமிர்ந்து உத்திரத்தைப் பார்.