அல்வாவுக்கு அப்புறமும் திருநெல்வேலி இருக்கு மக்கா

"திருநெல்வேலிக்கு டூர் போறேன், என்னல்லாம் பாக்கணும்?"னு ஆபிஸ்ல யாராவது கேட்டா எனக்குச் சிரிப்புதான் வரும். பதிலை அவங்களே வச்சிருப்பாங்க. நெல்லையப்பர் கோயில், சாயங்காலம் இருட்டுக்கடை வரிசை, மறுநாள் குற்றாலம், ரயிலேறியாச்சு. இத்தனைக்கும் குற்றாலம் 2019-லேயே தென்காசி மாவட்டத்துக்குப் போயிட்டு. (ரொம்ப வருத்தப்படாதீங்க அண்ணாச்சி, மணிமுத்தாறும் அகத்தியர் அருவியும் இன்னும் நம்ம பக்கம்தான்.)

என்னைக் கேட்டா முதல்ல திருப்புடைமருதூர் போங்கன்னுதான் சொல்லுவேன். கடனா நதி தாமிரபரணியில வந்து சேருற இடம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள்ள அஞ்சு நிலை. நிலைக்கு நிலை சுவர் பூரா பழைய ஓவியம், மரத்துல செதுக்கின சிற்பம். போர் நடக்குது, கப்பல்ல குதிரை வருது, புராணக் கதை ஒரு பக்கம் ஓடுது. வெளியே வந்தா மரம் பூரா நாரைக் கூடு. 2005-ல இந்த ஊரைப் பறவைகள் காப்பகமா அறிவிச்சாங்க. 'கன்சர்வேஷன் ரிசர்வ்'ங்கிற வகையில இந்தியாவுலேயே முதல் இடம் இதுதான். பரப்பளவு எவ்வளவுன்னு நினைக்கீங்க? வெறும் 2.84 ஹெக்டேர்!

சொல்லிட்டனே தவிர, உள்ளுக்குள்ள பயம்தான். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணை நம்மாளுங்க தட்டுற தட்டைப் பாத்திருக்கீங்கள்ல? கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களுக்கும் அதே கதிதான். நாளைக்கே திருப்புடைமருதூருக்கு நாப்பது பஸ் வந்தா, அந்தச் சுவர்ல சாவியால ஆட்டின் போட்டு அம்பு விடுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நம்மூர்ல சுற்றுலா வளர்ச்சின்னாலே கார் நிறுத்துற இடமும் செல்ஃபி எடுக்குற வளைவும்தான். அது வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்து பேர், கூட விவரம் சொல்ல உள்ளூர்ப் பையன் ஒருத்தன், தலைக்கு நூறு ரூபா. பையனுக்கும் பிழைப்பு, ஓவியமும் தப்பிக்கும். நூறு ரூபா ஜாஸ்தின்னு சொல்றவங்க அரைக் கிலோ அல்வா விலையை நினைச்சுப் பாருங்க :-)

ஆதிச்சநல்லூர் விஷயத்துல ஓரளவு நல்லது நடந்திருக்கு. 1876-ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி, கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதுக்கப்புறம் அலெக்சாண்டர் ரீ எடுத்ததெல்லாம் எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. பொருள் எல்லாம் வெளியூர்ல, ஊர்ல வெறும் பொட்டல்னுதான் ரொம்ப காலம் கிடந்துச்சு. 2023-ல தோண்டின குழி மேலேயே கண்ணாடி போட்டு, தாழி கிடந்த இடத்துலேயே பாக்குற மாதிரி செஞ்சாங்க. பக்கத்துல சிவகளையில கிடைச்ச நெல்லுக்கு வயசு சுமார் 3,200 வருஷம். அந்த மண்ணுல நின்னு கேக்குறப்போ வர்ற சிலிர்ப்பு எழும்பூர்ல வராது.

கடைசியா ஆறு. பாபநாசத்துல பரிகாரம்னு குளிச்சிட்டு, கட்டின துணியை அப்படியே ஆத்துல விட்டுட்டுப் போறாங்க. நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணிவே அது! உங்க பாவம் எங்க போகுதோ தெரியாது, துணி கீழ வந்து ஏதோ ஒரு படித்துறையிலதான் சிக்குது. பரிகாரம் செய்யுங்க, வேண்டாங்கல. ஈரத்துணியை மட்டும் ஒரு பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க.