துடைப்பத்துக்கு முன் தண்ணீர்!

கொரிய மண்ணிலே 1950 முதல் 1953 வரை நடந்த போரிலே, குண்டுக்குத் தப்பிய சிப்பாய்கள் காய்ச்சலுக்குத் தப்பவில்லை. ஐ.நா. படையினர் சுமார் 3,000 பேர் படுக்கையிலே விழுந்தனர். சிறுநீரகம் கெட்டுப் பலர் மாண்டனர். பகைவன் யார்? வயல் எலி! அதனிடம் குடியிருந்த கிருமியை லீ ஹோ வாங் என்ற கொரிய அறிஞர் 1976-ல் கண்டறிந்தார். ஹன்டான் என்னும் ஆற்றின் பெயரால் அது ஹன்டா வைரஸ் ஆயிற்று.

கொரியா எங்கே, பழவேற்காடு எங்கே என்பீர்கள். 1964-லேயே வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றிலே இக்குடும்பத்து வைரஸ் கிடைத்தது. உலக அறிவியல் ஏடுகளில் அதன் பெயர் இன்றும் 'தோட்டப்பாளையம்' தான்! பிள்ளையாரின் வாகனம் என்று கும்பிட்டோமே, அதே மூஞ்சூறு! அந்த வைரஸ் மனிதனை வீழ்த்துவதாக நிறுவப்படவில்லை. ஆனால் பின்னாளில் வேலூர் ஆய்வாளர்கள், ஹன்டா வைரஸ் தீண்டிய அடையாளத்தை மனித இரத்தத்திலே கண்டனர். யாருடைய இரத்தத்திலே? எலி பிடிக்கும் இருளர், கிடங்கிலே மூட்டை தூக்கும் தொழிலாளி!

பழவேற்காட்டிலும் இருளர் உண்டு. ஏரிச் சேற்றிலே கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். மீனவர் குப்பங்களிலே வலைக் கொட்டகை, கருவாட்டுக் கூடை, அரிசி மூட்டை — எலிக்கு வேறென்ன வேண்டும்? நோய் வந்துவிட்டது என்று நாம் பீதி கிளப்பவில்லை. வருமுன் காக்கச் சொல்கிறோம்.

கடித்தால்தான் வரும் என்று எண்ணாதீர். எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து, தூசோடு தூசாகி மூச்சிலே நுழைகிறது. ஆகவே பூட்டிக்கிடந்த கொட்டகையிலே எடுத்த எடுப்பில் துடைப்பத்தை ஓட்டாதீர்! கதவைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட விடுங்கள். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளியுங்கள். ஊறியபின், கையுறை போட்டு, துணியால் துடைத்தெடுங்கள். அரிசி தகர டின்னிலே இருக்கட்டும்.

காய்ச்சலோடு முதுகுவலியும் வந்து, சிறுநீரும் குறைந்தால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். எலி நடமாட்டத்தையும் சொல்லுங்கள். மழைக்காலத்து எலிக்காய்ச்சல் வேறு. அது பாக்டீரியாவால் வருவது, மருந்துக்கு அடங்கும். ஹன்டாவுக்குத் தனி மருந்து இல்லை. காலத்தே சேர்த்தால்தான் சிறுநீரகத்தைத் தாங்கி உயிரைக் காக்க முடியும்.

கையுறை வாங்கக் கூலி போதுமா என்று தோழர்கள் கேட்பது நியாயம். கிடங்கு முதலாளி வாங்கித் தரட்டும்! ஊராட்சி குப்பையை அள்ளட்டும்! பொன்னேரி வட்டக் கிளைத் தோழர்கள் இவ்வாரமே மனுவோடு புறப்படலாம்.