வீட்டுலதான் இருக்கா

ஐப்பசி மழையில் கட்டுத்தரையெல்லாம் சொதசொதன்னு கிடந்த நேரம். விடிகாலையில் சாணி வழிக்கப் போன வீட்டுக்காரி வழுக்கி விழுந்துட்டா. வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதற பொண்ணு பேரு, வயசு எல்லாம் கேட்டுட்டு, "என்ன வேலை பாக்கறாங்க?" என்றது.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வீட்டுலதான் இருக்கா" என்றேன்.

வலியில் கையைத் தாங்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் அன்னைக்குப் புரியல. கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் தினம் ரெண்டு வேளை புரிஞ்சுது.

அடுப்படிக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். ராத்திரி ஆட்டி வச்ச மாவைச் சின்னப் போசியில் ஊத்தி மூடி வச்சேன். விடியறதுக்குள்ள அது பொங்கி, மேடை வழியா இறங்கி, அரிசி மூட்டை வரைக்கும் போயிருந்துச்சு. பால் ரெண்டு தடவை பொங்கி அடுப்பை அணைச்சுது. இதையெல்லாம் சிரிச்சுக் கடந்துடலாம். கட்டுத்தரையில் நடந்ததைத்தான் சிரிச்சுக் கடக்க முடியல.

எங்ககிட்ட கறவையில் இருந்தது ஒரு கலப்பின ஜெர்சி மாடு. அவ கறந்தா காலையில் ஆறு லிட்டர், சாயங்காலம் நாலு. முதல் நாள் நான் உட்கார்ந்தேன். மாடு திரும்பி என்னைப் பாத்துச்சு, ஒரு உதை, பால் சொம்பு வாய்க்காலுக்குப் போயிடுச்சு. மறுநாள் அவளோட பழைய சேலையைத் தோளில் போட்டுட்டுப் போனேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா பாத்துட்டு ஊரெல்லாம் சொல்லி முடிச்சுட்டாங்க. அதுக்கும் மாடு ஏமாறல. ரெண்டரை லிட்டரோட எக்கிக்கிச்சு.

கால்நடை டாக்டர் வந்தப்போதான் விவரம் சொன்னார். மடியைக் கழுவித் தடவிக் கொடுக்கும்போது மாட்டு உடம்பில் ஆக்சிடோசின்னு ஒரு சுரப்பு வரும், அதுதான் பாலைக் கீழே இறக்கும். அது வேலை செய்யறது அஞ்சாறு நிமிஷம்தான், அதுக்குள்ள கறந்து முடிக்கணும். மாடு பயந்தாலோ மிரண்டாலோ பால் இறங்காது. "கையில பழக்கம் இருக்கணும்ணா, பலம் இருந்து பிரயோஜனமில்ல" என்றார். அம்பது கிலோ உர மூட்டையைத் தூக்கின தோளுக்கு வராத ஒரு வேலை என் வீட்டுக்குள்ளேயே இருபது வருஷமா நடந்துட்டு இருந்திருக்கு.

பத்தாம் நாள் சாயங்காலம் பாலைக் கொண்டுவந்து திண்ணையில் வச்சேன். எட்டிப் பாத்தவ, "ஏனுங்க, முதல் பீச்சைத் தரையில விட்டுப் பாத்தீங்களா? திரி திரியா வருது பாருங்க. போயி மடியத் தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டால் ஒரு பக்கம் கல்லாட்டம், சுடுது. மடிநோய். பாலை முழுசா கறக்காம மடியில் விட்டதும் அதுக்கு ஒரு காரணம். ஊசி போட்டாங்க. டாக்டர் சொன்ன கெடு முடியற வரைக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊத்தக் கூடாது, குழி தோண்டிக் கொட்டினேன். அவ கண்டுபிடிச்சிருக்காட்டி ஒரு காம்பே அத்துப்போயிருக்கும்.

அந்த வாரம் பால் கார்டை எடுத்துப் பாத்தேன். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எப். எல்லாம் வரிசையா இருக்கு. மேலே உறுப்பினர் பேரு: என் பேரு. பணம் விழறதும் என் கணக்கில்.

பட்டா என் பேரில் இருப்பதால், பிரதமர் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் மூணு தவணையா வருவதும் எனக்குத்தான். அவ பொறந்த ஊரிலும் இதே நிலைதான். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்குன்னு தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனா அண்ணன் தம்பி உறவு வேணுமேன்னு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுட்டு வந்தவ அவ. பக்கத்தில் நின்னு "போடு, போடு" என்றவன் நான். ஆக, அங்கேயும் அவ பேரு இல்லை, இங்கேயும் இல்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க நிலத்தை நடத்துபவர்களில் பெண்கள் 100-க்கு சுமார் 14 பேர்தான். களை எடுக்கற வயலில் போய் எண்ணிப் பாருங்க, கணக்கு நேர்மாறா இருக்கும்.

"பேருல என்னங்க இருக்கு, ஒரே குடும்பம்தானே" என்று நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் பேசிட்டு இருந்தேன். கிசான் கடன் அட்டையை இப்போ கறவை மாடு வச்சிருக்கறவங்களுக்கும் கொடுக்கறாங்க. மாடு, சொசைட்டி, வங்கி எதிலும் பேரு இல்லாதவ எதைக் காட்டிக் கேட்பா? நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டா, இருபது வருஷம் மாடு கறந்தவன்னு சொல்ல அவகிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வேலை தெரிஞ்சவ வெறுங்கையோட நிப்பா. வேலை தெரியாத என்கிட்ட எல்லாக் காகிதமும் இருக்கு.

நகரத்தில் இருக்கறவங்களும் ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. பிள்ளைங்க ஸ்கூல் விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்'னு ஒரு கட்டம் இருக்கும். யோசிக்காமலே 'இல்லத்தரசி'ன்னு எழுதியிருப்பீங்க. அந்த வீட்டில் தையலோ, டியூஷனோ, கடைக் கணக்கோ அவங்க கையில் நடந்துட்டு இருக்கலாம்.

கட்டுப் பிரிச்ச மறுவாரம் சொசைட்டிக்குப் போய் அவளை உறுப்பினராச் சேர்த்தேன். அவ பேரிலேயே கணக்கும் ஆரம்பிச்சாச்சு. பெருமையா கார்டை நீட்டினேன். புரட்டிப் பாத்துட்டு, "பேர மாத்திட்டீங்க, சரி. நாளைக்குச் சாணி யாரு வழிக்கறது?" என்றாள்.

அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியாகணும். பேரு மட்டும் மாறினா அது காகித மாற்றம்தான். இப்போ விடிகாலையில் சாணியும் தீவனமும் என் வேலை, கறவை அவ வேலை. மாடு இன்னும் என்னை நம்பல. போன வாரம் ஆஸ்பத்திரியில் கையைக் காட்டப் போனப்போ அதே பொண்ணு அதே கேள்வியைக் கேட்டுச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே சொல்லிட்டா: "மாடு வச்சிருக்கறேங்க. பால் ஊத்தறேன்."