ஆட்டுக்கொல்லியைக் கண்ணால் கணிக்க முடியாது

விழுப்புரம் வட்டாரத்து அரசூரில் 1987இல் செம்மறி ஆடுகள் மடிந்தன. காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல் என்று அடுத்தடுத்து வந்து ஆட்டைச் சாய்க்கும் நோய்க்கு அன்று நாட்டில் தெரிந்த பெயர் வெக்கை நோய். ஆய்வகம் வேறு பதில் சொன்னது. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய் அது. இந்தியாவில் அது முதலில் உறுதியானது அரசூரில்தான்.

இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். மனிதரின் தட்டம்மையும் அவற்றுக்குப் பங்காளிதான். அறிகுறிகள் ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்புப் பொருள் சில பழைய சோதனைகளில் மற்றதையும் காட்டிக் குழப்பும். மரபணுவில்தான் வேறுபாடு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நாட்டில் வெக்கை நோய் கடைசியாக 1995இல் பதிவானது. அதன் பிறகு சந்தேகத்துக்குரிய ஒவ்வோர் ஆட்டிலும் "இது வெக்கை அல்ல" என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உலகம் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டதில் இத்தகைய ஆய்வகச் சான்றுகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஆர்டி-பிசிஆர் என்ற பெயரைக் கொரோனா காலம் எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்தது. ஆட்டுக்கும் அதே முறைதான். கண், மூக்கு, வாய் ஆகியவற்றிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் பல மடங்கு பெருக்குகிறார்கள். ஆய்வகத்தில் சில மணி நேர வேலை. அந்தத் துண்டின் எழுத்து வரிசையைப் படித்தால் வைரஸ் எந்த வழித்தோன்றல் என்பதும் தெரியும். உலகில் அறியப்பட்ட நான்கு கிளைகளில் இந்தியாவில் பரவுவது நான்காவது.

சரியான பெயர் தெரியாவிட்டால் சரியான வேலையும் நடக்காது. ஆட்டுக்கொல்லியைப் போலவே தோன்றும் நீலநாக்கு நோயைப் பரப்புவது கடிக்கும் சிறு பூச்சிகள். மழைக்காலத்தில் அவற்றைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். ஆட்டுக்கொல்லியோ ஆட்டுக்கு ஆடு நெருக்கத்தில் தொற்றுவது. நோயுற்றதைப் பிரித்துக் கட்டுவதும் மந்தையை நகர்த்தாமல் வைப்பதும் முதல் வேலை. பாக்டீரியா தரும் நுரையீரல் அழற்சியும் வெளிப்பார்வைக்கு இவற்றைப் போலவே இருக்கும். மூன்றுக்கும் ஒரே ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது, கிடை போட்டுப் பிழைக்கும் குடும்பத்தின் முதலையே பணயம் வைப்பதாகும்.

சோதனைக்கும் எல்லை உண்டு. கிடைத்த துண்டு உயிருள்ள வைரஸுடையதா என்பதை அது சொல்லாது. அண்மையில் தடுப்பூசி போட்ட ஆடா என்பதையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல், ஆட்டுக்கிடைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே உள்ள தொலைவு. காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களில் மாதிரி எடுத்தாக வேண்டும். குளிர்ச்சி குறைந்தால் ஆர்என்ஏ சிதைந்துவிடும். அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராக நகரும் கீதாரியிடம் பனிப்பெட்டியோடு யார் போவார்?

இந்தக் கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். கால்நடை மருந்தகத்தில் மாதிரிக் குப்பியும் பனிப்பெட்டியும், அதை அன்றே ஆய்வகத்துக்கு அனுப்ப வண்டியும் இருக்க வேண்டும். முடிவு கோப்பில் தங்கிவிடாமல் ஆட்டுக்காரரின் கைபேசிக்கு இரண்டு நாளில் வர வேண்டும்.

அரசூரில் கிடைத்த வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' தடுப்பூசி வித்தை உருவாக்கியது. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது என்று சர்வதேச அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. ஆடு வளர்ப்போர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: மந்தையில் முதல் ஆடு சுருண்டு படுத்ததும் மற்றவற்றைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். மருத்துவரை அழைத்து, மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.